பூட்ஸ் மாட்டறதுக்கு முன்னாடி நடக்கப் பழகலாம்!

கேம்பஸ் இன்டர்வியூ சீசன் நெருங்கிட்டா ஹாஸ்டல் ரூம், பஸ் ஸ்டாப், கேன்டீன் எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சுதான். "மச்சி, ஜாவா வெப் டெவலப்மென்ட் படிச்சா வேலை கிடைக்குமாமே... எதுல இருந்துடா ஆரம்பிக்கிறது?"

இதே கேள்வியோடு என்னிடம் வரும் ஜூனியர்களுக்கு நான் சொல்லும் பதில் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. "ஜாவா வெப்பைக் கொஞ்சம் ஓரமா வெச்சிட்டு, முதல்ல வெப்னா என்னன்னு படிச்சிட்டு வாங்க" என்பதுதான் அந்தப் பதில். "அதெல்லாம் ரெண்டாவது செமஸ்டர்லயே முடிச்சாச்சுண்ணா" என்று சொல்லிவிட்டு, நேராக ஸ்பிரிங் பூட் கோர்ஸுக்குப் பணம் கட்டப் போய்விடுவார்கள்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் புதுசா வருகிறவர்களை இன்டர்வியூ செய்யும் குழுவில் அடிக்கடி உட்காருகிறேன். ரெஸ்யூமைப் பார்த்தால் ஸ்பிரிங் பூட், ஹைபர்நேட், மைக்ரோசர்வீசஸ், டாக்கர் என்று கல்யாண வீட்டு மெனு மாதிரி இருக்கும். "சரி தம்பி, கெட்டுக்கும் போஸ்ட்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டால் இலையில் உப்பு கூட இருக்காது. அவர்கள் மக்குப் பசங்க இல்லை. வீட்டை மாடியிலிருந்து கட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த கோர்ஸ் ஃபீஸ் அப்பாவோட பி.எஃப். பணமாகவோ, அடகுக் கடைக்குப் போன அம்மாவோட வளையலாகவோ இருக்கும். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதத் தோன்றியது.

ஸ்பிரிங் பூட் மோசம் என்று சொல்லவில்லை. தினமும் எனக்குச் சோறு போடுவதே அதுதான். ஆனால், அதன் வேலையே கஷ்டமான விஷயங்களை உங்கள் கண்ணில் படாமல் மறைப்பது. எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை அது சுகம். ஓடாதபோது மறைந்திருப்பது என்ன என்று தெரிந்தவர்தான் சரி செய்ய முடியும். நமக்குச் சம்பளம் கொடுப்பதே ஓடாததை ஓட வைக்கத்தானே!

இரண்டு தடவை என்டர் தட்டினால்...

முதல் பாடம் ஹெச்.டி.டி.பி. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் பாஷை இது. நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணன் இதை எனக்குச் சொல்லிக் கொடுத்த விதமே தனி. புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கறுப்புத் திரையில் டெல்நெட் என்று அடித்து, ஒரு வெப்சைட்டின் பெயரைப் போட்டு, பக்கத்தில் 80 என்று போர்ட் எண்ணைப் போட்டார். "இப்ப நீதான்டா பிரவுசர். உனக்கு என்ன வேணும்னு கேளு" என்றார். முதல் வரியில் கெட், ஒரு சாய்கோடு, ஹெச்.டி.டி.பி. 1.1. இரண்டாவது வரியில் ஹோஸ்ட் என்று போட்டு சைட்டின் பெயர். என்டர் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. "இன்னொரு தடவை தட்டு. காலி வரி வந்தாத்தான் நீ பேசி முடிச்சிட்டன்னு சர்வருக்குத் தெரியும்" என்றார். தட்டினேன். திரை முழுக்க ஹெச்.டி.எம்.எல். கொட்டியது.

அன்றைக்குத்தான் புரிந்தது, வெப் என்பது மந்திரம் இல்லை, வெறும் கடுதாசிப் போக்குவரத்து என்று. மேலே முகவரி, நடுவில் ஒரு காலி வரி, கீழே விஷயம். பதில் கடுதாசியின் முதல் வரியில் ஒரு எண். 200 என்றால் எல்லாம் சுகம். 302 என்றால் வேறு இடத்துக்குப் போய்ப் பார். 404 என்றால் நீ கேட்டது இங்கே இல்லை. 500 என்றால் தப்பு சர்வர் பக்கம். நாலில் ஆரம்பிக்கும் எண் வந்தால் கேட்டவரிடம் கோளாறு, ஐந்தில் ஆரம்பித்தால் பதில் சொல்கிறவரிடம் கோளாறு. இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே, எந்தப் பக்கம் தேடுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல் விட்ட முதல் வடிவத்தில் கெட் என்ற ஒரே ஒரு கட்டளைதான் இருந்தது. பிறகு 1.0, 1.1 என்று வளர்ந்து, 2015-ல் இரண்டாவது பதிப்பும் 2022-ல் மூன்றாவது பதிப்பும் வந்துவிட்டன. உள்ளே போகிற வண்டிதான் மாறியது. கெட், போஸ்ட், 404 என்ற அர்த்தங்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு தடவை படித்தால் முப்பது வருஷம் தாங்கும் பாடம் வேற எதுங்க இருக்கு?

எக்ஸாம் ஃபீஸ் கட்டும்போது "ரிஃப்ரெஷ் பட்டனை அழுத்தாதீர்கள்" என்று பயமுறுத்தும் பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். ஏன் தெரியுமா? போஸ்ட் செய்த பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால், அதே கடுதாசி இன்னொரு தடவை போகும். ஃபீஸ் இரண்டு தடவை போகலாம். போஸ்ட்டை வாங்கியதும் 303 என்று பதில் சொல்லி வேறு பக்கத்துக்கு அனுப்பிவிட்டால், அந்தப் பக்கத்தை எத்தனை தடவை ரிஃப்ரெஷ் செய்தாலும் பணம் திரும்பப் போகாது. எந்த ஃப்ரேம்வொர்க்காக இருந்தாலும் பதில் இதேதான்.

இப்போது டெல்நெட்டைத் தேடி அலைய வேண்டாம். விண்டோஸ் 10-லும் 11-லும் கர்ல் என்ற கருவி கூடவே வருகிறது. இன்னும் சுலபம், குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ எஃப் 12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். எல்லாக் கடுதாசியும் பிரித்தே வைத்திருக்கும்.

சைக்கிள் ஸ்டாண்ட் டோக்கன்

ஹெச்.டி.டி.பி.க்கு ஒரு குணம். ஞாபகசக்தி கிடையாது. ஒரு நிமிஷம் முன்னால் லாகின் செய்தவர் நீங்கள்தான் என்பது அடுத்த கடுதாசியில் அதற்குத் தெரியாது. இதற்காகத்தான் 1994-ல் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுல்லி குக்கியைக் கொண்டு வந்தார்.

தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளை விட்டதும் ஒரு டோக்கன் கொடுப்பார்கள். திரும்ப வந்து டோக்கனை நீட்டினால் சைக்கிள் கிடைக்கும். உங்கள் முகம் அவருக்கு ஞாபகம் இருக்க வேண்டியதில்லை. குக்கி என்பது அந்த டோக்கன். செஷன் என்பது உள்ளே நிற்கும் சைக்கிள். ஜாவா சர்வர்கள் வழக்கமாக இந்த டோக்கனுக்கு ஜே-செஷன்-ஐடி என்று பெயர் வைத்திருக்கும்.

இது புரிந்தால் அடுத்த இரண்டு விஷயம் தானாகப் புரியும். ஒன்று, டோக்கனைத் திருடியவன் சைக்கிளையும் ஓட்டிக்கொண்டு போய்விடுவான். அதனால்தான் ஹெச்.டி.டி.பி.எஸ். வேண்டும். இரண்டு, கூட்டம் அதிகமாகி இரண்டாவது சர்வர் போட்டால், முதல் ஸ்டாண்ட் டோக்கனை அங்கே நீட்டினாலும் சைக்கிள் இருக்காது. "சார், அடிக்கடி தானா லாக் அவுட் ஆகுது" என்று புகார் வந்தால் இதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஒரே சமையல்காரர், நூறு ஆர்டர்

மூன்றாவது பாடம் சர்வ்லெட். "அதெல்லாம் பழசு, 1997-ல வந்தது" என்று ஒதுக்குகிறவர்கள் நிறைய. ஒரு ரகசியம் சொல்றேன். வழக்கமான ஸ்பிரிங் வெப் ப்ராஜெக்ட்டில் வாசலில் நின்று எல்லா ரிக்வெஸ்ட்டையும் வாங்குவது டிஸ்பேட்சர் சர்வ்லெட். பெயரிலேயே இருக்கு பாருங்க, அதுவும் ஒரு சர்வ்லெட்தான்! அதற்கும் அடியில், ஸ்பிரிங் பூட்டுக்குள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பது டாம்கேட். நீங்கள் வேண்டாம் என்றாலும் அவர் வீட்டிலேயேதான் இருக்கிறார்.

சர்வ்லெட் சொல்லிக் கொடுக்கும் முக்கியமான பாடம் ஒன்று உண்டு. சர்வர் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு புது சர்வ்லெட் ஆப்ஜெக்ட் செய்வதில்லை. ஒரே ஆப்ஜெக்ட், அதற்குள் பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் ஓடும். மெஸ்ஸில் ஒரே சமையல்காரர் நூறு பேர் ஆர்டரைக் கவனிப்பது மாதிரி. ஆர்டரைத் தனித்தனிச் சீட்டில் எழுதினால் பிரச்னை இல்லை. எல்லா ஆர்டரையும் ஒரே சிலேட்டில் அழித்து அழித்து எழுதினால்? உங்கள் தோசை பக்கத்து மேஜைக்குப் போகும்.

கோடில் அந்தச் சிலேட் என்ன தெரியுமா? கிளாஸுக்குள் மேலே அறிவிக்கும் வேரியபிள். ரிசல்ட் பார்க்கும் ஒரு பக்கத்தை எழுதுகிறீர்கள். மாணவரின் பதிவு எண்ணை அந்த வேரியபிளில் வைக்கிறீர்கள். உங்கள் லேப்டாப்பில் நீங்கள் ஒருத்தர் மட்டும் பார்த்தால் பிரமாதமாக ஓடும். ரிசல்ட் அன்றைக்கு ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கிளிக் செய்தால், ஒருவரின் மார்க் இன்னொருவர் திரையில் வந்துவிடலாம். பாஸ் ஆன பெண் ஃபெயில் என்று பார்த்தால் அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் கன்ட்ரோலரும், நீங்கள் மாற்றிச் சொல்லாதவரை, ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான். சர்வ்லெட்டில் இதைப் படித்தவர் ஸ்பிரிங்கில் அந்த வேரியபிளைப் பார்த்த உடனே நிமிர்ந்து உட்காருவார். மற்றவர்களுக்கு அது சாதாரணமான ஒரு வரி.

கேள்வி கேட்கத் தெரியணும்

நாலாவது எஸ்.க்யூ.எல். 1970-ல் ஐ.பி.எம்.மில் இருந்த கோட் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்த விஷயம். ஐம்பது வயசு தாண்டியும் ரிட்டயர் ஆகாத ஆள். "ஹைபர்நேட் இருக்கே, அது தானா எழுதிக்கும்" என்பார்கள். எழுதும். எத்தனை எழுதுகிறது என்று பார்த்தீர்களா?

உங்கள் கிளாஸில் 60 பேர். 60 பேர் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரின் மார்க்கையும் லூப் போட்டுக் காட்டுகிறீர்கள். கவனிக்காமல் விட்டால் ஹைபர்நேட் பட்டியலுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று 61 கேள்வியை டேட்டாபேஸுக்கு அனுப்பும். எஸ்.க்யூ.எல். தெரிந்தவர் ஒரு ஜாயின் போட்டு ஒரே கேள்வியில் முடித்துவிடலாம் என்று உடனே சொல்வார். அண்ணாச்சி கடையில் லிஸ்ட்டைக் கொடுத்து மொத்தமாக வாங்குவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தடவை நடப்பது எதுக்குங்க?

இன்னொன்று பாதுகாப்பு. பயனர் அடித்த பெயரை அப்படியே எஸ்.க்யூ.எல். வரியில் ஒட்டினால், அவர் பெயருக்குப் பதில் ஒரு மேற்கோள் குறியும் கொஞ்சம் கட்டளையும் அடித்து உங்கள் டேட்டாபேஸையே பேச வைக்க முடியும். ஜே.டி.பி.சி.யில் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் என்று ஒன்று உண்டு. மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாகக் கொடுப்பது. கட்டளை வேறு, தகவல் வேறு என்று பிரித்து வைக்கும் அந்தச் சின்னப் பழக்கம்தான் பெரிய கதவைப் பூட்டுகிறது. ஹைபர்நேட்டிலும் வரியை ஒட்டி ஒட்டி எழுதினால் அதே ஓட்டைதான்.

தமிழில் பெயர் எழுதினால் கேள்விக்குறி வருதா?

இது நம்ம ஊர்க்காரர்களுக்கு ஸ்பெஷல் பாடம். ஃபார்மில் தமிழில் பெயர் அடித்து சேமித்தால், திரும்ப வரும்போது வரிசையாகக் கேள்விக்குறி நிற்கும். ப்ராஜெக்ட் வைவா அன்று கண்டிப்பாக நடக்கும்!

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். "தமிழ்" என்பது நமக்கு மூன்று எழுத்து. ஜாவாவில் லெங்த் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக மொத்தம் 15 பைட். சில டேட்டாபேஸ்கள் காலத்தின் அளவைப் பைட் கணக்கில் எண்ணும். அங்கே 30 என்று போட்டுவிட்டு நீளமான தமிழ்ப் பெயரைக் கொடுத்தால் உள்ளே போகாது.

ஒரு வைத்தியக் குறிப்பு. கேள்விக்குறியாக வந்தால், வழியில் எங்கேயோ தமிழே தெரியாத ஒரு முறைக்கு மாற்றி எழுத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். தலையில் கோடும் தொப்பியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால், பைட்கள் பத்திரமாகத்தான் இருக்கின்றன, படிக்கிறவர்தான் தப்பாகப் படிக்கிறார். ஹெச்.டி.எம்.எல். பக்கம், ரிக்வெஸ்ட்டைப் படிக்கும் இடம், டேட்டாபேஸ் கனெக்‌ஷன், டேபிள் என்று நாலு இடத்திலும் யூ.டி.எஃப்-8 இருக்கிறதா பாருங்கள். மை எஸ்.க்யூ.எல்.லில் அதன் பெயர் யூ.டி.எஃப்-8-எம்.பி-4.

மற்றவை ஒரு ரவுண்டு

ஹெச்.டி.எம்.எல். ஃபார்ம்களை நோட்பேடில் கையால் எழுதப் பழகுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் வேண்டும். 1995-ல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய மொழி அது. பெயரில் ஜாவா இருப்பதைத் தவிர நம்ம ஜாவாவுக்குச் சொந்தக்காரர் இல்லை. லினக்ஸில் பத்துப் பதினைந்து கட்டளையும், லாகைத் திறந்து படிக்கிற பழக்கமும் வேண்டும். எர்ரர் வந்தால் திரையை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன், ஸ்டாக் டிரேஸில் "காஸ்டு பை" என்று இருக்கும் வரிகளில் கடைசி வரியைப் படியுங்கள். பெரும்பாலும் பதில் அங்கேயே இருக்கும். கூடவே கிட். முடிஞ்சது.

பெயர் மாறும், ஆள் மாறாது

2000-களில் ஜாவா வேலை விளம்பரங்களில் ஸ்ட்ரட்ஸ் என்ற பெயர் தவறாமல் இருக்கும். 2013-ல் ஸ்ட்ரட்ஸ் 1-க்கு அதிகாரபூர்வமாகவே விடை கொடுத்துவிட்டார்கள். 2004-ல் ஸ்பிரிங் 1.0, 2014-ல் ஸ்பிரிங் பூட் 1.0 வந்தன. ஜாவாவைப் பெற்ற சன் நிறுவனமே 2010-ல் ஆரக்கிள் கைக்குப் போனது. என்டர்பிரைஸ் ஜாவா எக்லிப்ஸ் அமைப்புக்குப் போய் ஜகார்த்தா என்று பெயர் மாறியது. 2020-ல் பேக்கேஜ் பெயர்கள்கூட ஜாவாக்ஸிலிருந்து ஜகார்த்தா ஆயின. அதனால் பழைய புத்தகத்து சர்வ்லெட் கோடை டாம்கேட் 10-ல் அப்படியே போட்டால் ஓடாது. அடிப்படை தெரிந்தவருக்கு இது மேலே நாலு இம்போர்ட் வரியை மாற்றும் வேலை. மனப்பாடம் செய்தவருக்கு ஒரு வாரம் தூக்கம் போகும்.

இது வெறும் தூக்கத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. 2017-ல் அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடி பேரின் சொந்த விவரங்கள் திருடு போயின. வழி, ஸ்ட்ரட்ஸ் 2-ல் இருந்த ஒரு ஓட்டை. கன்டென்ட் டைப் என்ற ஹெச்.டி.டி.பி. ஹெடரில் கட்டளையை ஒளித்து அனுப்பினார்கள். மார்ச்சிலேயே திருத்தம் வெளிவந்துவிட்டது. அந்த சர்வரில் அதைப் போடவில்லை. ஹெடர் என்பது வெளியாள் எழுதி அனுப்பும் கடுதாசி, அதை அப்படியே நம்பக் கூடாது என்ற பாலபாடம் எவ்வளவு விலை பெறும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

"இப்பதான் ஏ.ஐ. கேட்டா கோடு எழுதித் தருதேண்ணா?" என்பீர்கள். தருது. நானும் வாங்கிக்கிறேன். ஆனால் கீழே கையெழுத்துப் போடுவது நீங்கள். அந்தச் சிலேட் வேரியபிள் அதில் இருந்தால் கண்டுபிடிக்க வேண்டியதும் நீங்கள்தான்.

மூன்று மாதம் போதும்

முதல் மாதம், ஹெச்.டி.டி.பி., ஹெச்.டி.எம்.எல்., குக்கி. எஃப் 12 தான் புத்தகம். இரண்டாவது மாதம், எஸ்.க்யூ.எல்., ஜே.டி.பி.சி. மூன்றாவது மாதம், ஃப்ரேம்வொர்க் எதுவும் தொடாமல், டாம்கேட்டும் சர்வ்லெட்டும் வைத்து உங்கள் ஹாஸ்டல் மெஸ் கணக்கு ஒன்றை எழுதுங்கள். லாகின் வேண்டும், தமிழ்ப் பெயர் சேர வேண்டும், ரிஃப்ரெஷ் செய்தால் கணக்கு இரட்டிக்கக் கூடாது. பக்கத்து ரூம் பசங்க நாலு பேரை ஒரே நேரத்தில் உபயோகிக்கச் சொல்லுங்கள். எதுவும் குழம்பவில்லை என்றால், அதே ப்ராஜெக்ட்டை ஸ்பிரிங் பூட்டில் திரும்ப எழுதுங்கள். எதையெல்லாம் அது உங்களுக்காகச் செய்கிறது என்று வரிக்கு வரி தெரியும். அதற்குப் பிறகு கோர்ஸ் தேவையா என்பதை நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

இதற்கெல்லாம் ஆகிற செலவு ஒரு பழைய லேப்டாப்பும் கொஞ்சம் நெட்டும்தான். ஜாவா, டாம்கேட், மை எஸ்.க்யூ.எல். எல்லாமே காசில்லாமல் கிடைக்கின்றன. அம்மாவோட வளையல் கையிலேயே இருக்கட்டும். இன்னைக்கு ராத்திரி ரூமுக்குப் போனதும் முதல் வேலையா எஃப் 12-ஐ அழுத்துங்க!